ஒரு ரூபாய் ட்ரயல், 699 ரூபாய் பிடித்தம்: யாரிடம் போனால் பணம் திரும்பும்?

போன வருடம் ஆடி மாதத்தில் ஒரு நாள் மாலை அப்பா ஃபோன் செய்தார். "பென்ஷன் கணக்குல 699 ரூபாய் போயிருக்குப்பா. நான் ஒண்ணும் வாங்கலையே" என்றார். பணம் போன வருத்தத்தைவிட, தன் கையாலேயே ஏதோ தப்பு செய்துவிட்டோமோ என்ற பயம்தான் குரலில் அதிகம் தெரிந்தது. மறுநாள் வங்கி திறக்கும்போதே போய் நின்றிருக்கிறார். கவுன்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டுப் பொறுமையாகவே சொன்னாராம்: "ஐயா, இது ஆட்டோபே, தானாவே பணம் பிடிக்கிற ஏற்பாடு. நீங்களே பின் போட்டு அனுமதி கொடுத்திருக்கீங்க. இதை நாங்க திருப்ப முடியாது."

அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போய் அவருடைய ஃபோனை வாங்கிப் பார்த்தேன். பக்திப் பாடல் ஆப் ஒன்று. '7 நாள் வெறும் ₹1' என்று விளம்பரம் வந்திருக்கிறது, தொட்டிருக்கிறார், பின் போட்டிருக்கிறார். யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பக்கத்தைத் திறந்தால், நான் அதுவரை நின்று படித்தே பார்க்காத விவரங்கள் இருந்தன. அதிகபட்சத் தொகை ₹5,000. எத்தனை நாளுக்கு ஒருமுறை என்ற இடத்தில், நிறுவனம் கேட்கும்போதெல்லாம். முடியும் தேதி முப்பது வருடம் தள்ளி. அப்பாவுக்கு இப்போது 71 வயது.

அதே ஆப்பை என் ஃபோனிலும் இறக்கி, பணம் கட்டும் திரை வரை போய்ப் பார்த்தேன். ₹1 என்பது பெரிய பச்சைப் பொத்தானில் இருந்தது. அதற்கும் கீழே, வெள்ளைத் திரையில் வெளிர் சாம்பல் நிறத்தில், ஆங்கிலத்தில், 8-ம் நாளிலிருந்து 3 மாதத்துக்கு ₹699 என்று ஒரு வரி. கண்ணாடி போட்டிருந்தும் ஃபோனைச் சாய்த்துப் பிடித்துத்தான் என்னால் படிக்க முடிந்தது. அப்பா அதைப் படித்திருக்க வழியே இல்லை.

அதன்பிறகு அண்ணி, அலுவலகத் தோழர்கள், எதிர்வீட்டு டீச்சர் என்று பலருக்கு இதே மாதிரிச் சிக்கலில் பக்கத்தில் உட்கார்ந்து உதவியிருக்கிறேன். எல்லோரும் முதலில் ஓடுவது வங்கிக்குத்தான். சிலர் நேராக 1930-க்கு, சைபர் கிரைமுக்கு, அடிக்கிறார்கள். சிலர் கார்டை முடக்கிவிட்டு அதோடு விஷயம் முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். இவை எல்லாமே ஏதாவது ஒரு சூழ்நிலைக்குச் சரியான வழிதான். ஆனால் பணம் எந்தத் தடத்தில் போனது, நாம் அனுமதி கொடுத்தோமா இல்லையா என்ற இரண்டையும் பார்க்காமல் கதவைத் தட்டினால், வாரக்கணக்கில் அலைந்துவிட்டு வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்கும்.

முதலில் அடுத்த பிடித்தத்தை நிறுத்துங்கள்

போன பணத்தைக் கேட்பதற்கு முன்னால் போகப்போகும் பணத்தை நிறுத்த வேண்டும். ஆப்பை ஃபோனிலிருந்து அழித்துவிட்டால் சந்தாவும் போய்விடும் என்று நம்புகிறவர்கள் ஏராளம். போகாது. அனுமதி ஆப்பில் இல்லை. யுபிஐயிலோ கார்டிலோ ப்ளே ஸ்டோரிலோ இருக்கிறது. அங்கே போய்த்தான் ரத்து செய்ய வேண்டும்.

யுபிஐ என்றால், எந்த ஆப் வழியாகப் பணம் கட்டினீர்களோ அந்த ஆப்பின் ஆட்டோபே பகுதிக்குப் போய், மேண்டேட்டை, அதாவது தானாகப் பணம் பிடிக்க நீங்கள் கொடுத்த அனுமதியை, ரத்து செய்து பின் போட வேண்டும். சில ஆப்களில் ரத்துக்குப் பக்கத்திலேயே 'தற்காலிகமாக நிறுத்து' என்றும் இருக்கும். அதைத் தொட்டுவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். கார்டு என்றால் வங்கியின் ஆப்பிலோ இணையதளத்திலோ மேண்டேட்டுகளுக்கு என்று தனிப் பக்கம் இருக்கும். ஆண்ட்ராய்டில் ப்ளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டால் சந்தாக்கள் பகுதி வரும். ஐஃபோனில் செட்டிங்ஸில் உங்கள் பெயரைத் தொட்டால் வரும்.

ரத்து செய்வதற்கு ஒரு நிமிடம் முன்னால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். மேண்டேட் எண், தொடங்கிய தேதி, அதிகபட்சத் தொகை, நிறுவனத்தின் பெயர் எல்லாம் அதில் வர வேண்டும். பின்னால் எந்தக் கதவைத் தட்டினாலும் முதலில் கேட்கப்போவது இதைத்தான்.

ஆட்டோபேயில் நமக்கு இருக்கும் உரிமைகள் குறைவல்ல. பணம் பிடிப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால், யார் பிடிக்கிறார்கள், எவ்வளவு, எப்போது என்று தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. எந்த நேரமும் மேண்டேட்டை விலக்கிக்கொள்ளும் வசதி இருக்க வேண்டும். சாதாரணச் சந்தா ஒன்றுக்கு ₹15,000 வரைதான் பின்னோ ஓடிபியோ கேட்காமல் தானாகப் பிடிக்கலாம். தொகை மாறக்கூடியது என்றால் உச்சவரம்பை நாமே வைக்கும் வசதியும் உண்டு. அப்பாவுக்கும் அந்த முன்தகவல் வந்திருந்தது. இரவு 11:40-க்கு, நகைக்கடைச் சலுகை மெசேஜுக்கும் லோன் தருகிறேன் என்ற மெசேஜுக்கும் நடுவில் கிடந்தது. வங்கியைப் பொறுத்தவரை தகவல் கொடுத்தாகிவிட்டது.

'நான் அனுமதிக்கவே இல்லை' என்று எப்போது சொல்லலாம்

கவுன்டரில் இருந்த பெண் சொன்னது பாதி சரி. வங்கியின் மொழியில் அனுமதியில்லாப் பரிவர்த்தனை என்றால், உங்களுக்குத் தெரியாமல், உங்கள் ஓடிபியோ பின்னோ இல்லாமல், வேறொருவர் உங்கள் கணக்கில் கை வைத்தது. அதற்கு 2017 ஜூலை 6-ல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை நல்ல பாதுகாப்பு தருகிறது. தப்பு உங்கள் பக்கமும் இல்லை, வங்கியின் பக்கமும் இல்லை, வெளியில் எங்கோ நடந்தது என்றால், தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் வங்கியில் சொன்னால் உங்களுக்கு ஒரு ரூபாய் நஷ்டமும் வரக்கூடாது. 4 முதல் 7 நாளுக்குள் என்றால் கணக்கின் வகையைப் பொறுத்து ஒரு வரம்பு வரை உங்கள் பொறுப்பு. சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அது ₹10,000. புகார் கொடுத்த 10 வேலை நாளுக்குள் அந்தத் தொகையை வங்கி தற்காலிகமாகக் கணக்கில் வரவு வைக்க வேண்டும், 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தப்பு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் சுமையும் வங்கியின் மேல்தான்.

இதைப் படித்ததும் எல்லோருக்கும் தோன்றுவது, "அப்போ நானும் அனுமதிக்கலைன்னே எழுதிக் கொடுத்துடறேனே" என்பது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நீங்களே பின் போட்ட பதிவு அவர்களிடம் இருக்கிறது. முதல் வரியே பொய் என்று ஆகிவிட்டால், பின்னால் வரும் உண்மையான குறையையும் யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். அப்பாவின் குறை உண்மையானது. அவர் ஒரு ரூபாய்க்கு அனுமதி கொடுத்தார், 699-க்கு அவர் மனமறிந்து கொடுக்கவில்லை. அது ஏமாற்று விற்பனை பற்றிய புகார். அதைக் கேட்க வேறு இடங்கள் இருக்கின்றன.

ட்ரயலே எடுக்கவில்லை, பெயரே கேள்விப்படாத நிறுவனம் பிடித்திருக்கிறது என்றால் கதை வேறு. அன்றைக்கே வங்கிக்குச் சொல்லுங்கள், கார்டை முடக்குங்கள், 1930-க்கும் அடியுங்கள். யாராவது கஸ்டமர் கேர் என்று சொல்லிக்கொண்டு ஓடிபி வாங்கியிருந்தாலும் இதே வழிதான். அங்கே ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம், ஏனென்றால் பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்குள் பிடித்து நிறுத்தப் பார்ப்பார்கள். ட்ரயல் சந்தாவுக்கு 1930 பொருந்தாது. பணம் வாங்கியவர் யார் என்பது தெரிந்த விஷயம், ஓடி ஒளிந்த திருடனைத் தேடுவதற்கான ஏற்பாடு அது.

நிறுவனத்திடமே கேட்பது

பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். "அவங்களா திருப்பித் தருவாங்க?" என்பார்கள். பெரும்பாலும் முதல் பதில் மறுப்பாகத்தான் வரும், அது உண்மை. ஆனாலும் இந்தப் படியைத் தவிர்க்கக்கூடாது. வங்கியின் டிஸ்ப்யூட் படிவம் (பிடித்த தொகையை மறுத்துக் கொடுக்கும் புகார்), 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், நுகர்வோர் ஆணையம் என எல்லா இடத்திலும் "நிறுவனத்திடம் கேட்டீர்களா, என்ன சொன்னார்கள்?" என்பதே முதல் கேள்வி. அவர்கள் அனுப்பும் மறுப்புதான் உங்கள் கையில் இருக்கும் முதல் சான்று. அதனால் ஃபோனில் கேட்காதீர்கள், மெயிலில் கேளுங்கள்.

அப்பாவுக்காக நான் அனுப்பிய மெயில் நான்கே வரி. எந்தத் தேதியில் எவ்வளவு பிடித்தீர்கள் என்று ஒரு வரி. ட்ரயல் முடிகிறது என்று உங்கள் பக்கமிருந்து எந்தத் தகவலும் வரவில்லை, அதன்பிறகு ஆப்பைப் பயன்படுத்தவும் இல்லை என்று ஒரு வரி. ஆப்பில் ரத்து செய்யும் பொத்தானே இல்லை, உதவிப் பக்கத்தில் நான்கு அடுக்கு உள்ளே போனால்தான் 'மெயில் அனுப்புங்கள்' என்று வருகிறது, இது 2023-ம் ஆண்டு விதிமுறைகளின்படி சந்தாப் பொறி என்று ஒரு வரி. 7 நாளுக்குள் முழுத் தொகையும் வேண்டும் என்று ஒரு வரி.

அந்த விதிமுறைகள் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் கையில் இருக்கும் நல்ல ஆயுதம் அதுதான், பலருக்குத் தெரிவதில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ல், இணையத்தில் வாடிக்கையாளரை ஏமாற்றும் 13 வகை உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. அதில் ஒன்று சந்தாப் பொறி. ரத்து செய்வதை முடியாததாக்குவது அல்லது சுற்றி வளைப்பது, ரத்து செய்யும் இடத்தை மறைத்து வைப்பது, இலவசச் சந்தாவுக்கே கார்டு விவரமோ ஆட்டோ டெபிட் அனுமதியோ கட்டாயமாகக் கேட்பது, எல்லாமே அதற்குள் வருகின்றன. இன்னொரு வகையில், இலவச ட்ரயல் கட்டணச் சந்தாவாக மாறும்போது பயனருக்குச் சொல்லாமல் விடுவதும், சத்தமில்லாமல் தானாகப் புதுப்பித்துப் பணம் பிடிப்பதும் உதாரணங்களாகவே எழுதப்பட்டிருக்கின்றன. ஒரு ரூபாய் வாங்கியதைக் காட்டி 'இது இலவசமே இல்லை' என்று நிறுவனம் வாதாடலாம். அதனால்தான் ரத்துப் பொத்தானை மறைத்ததை மெயிலில் முன்னால் வைத்தேன். அந்தக் குறையைச் சொல்ல, அவர்கள் ஒரு ரூபாய் வாங்கியது தடையாகாது.

ப்ளே ஸ்டோர், ஆப்பிள் வழியாகப் போயிருந்தால்

இதுதான் எல்லாவற்றிலும் சுலபமான தடம், ஆனால் கெடு மிகவும் குறுகியது. ப்ளே ஸ்டோரில் பணம் பிடித்த 48 மணி நேரத்துக்குள் கூகுளிடமே ரீஃபண்ட் கேட்கலாம், பதில் பெரும்பாலும் சீக்கிரம் வந்துவிடும். அதைத் தாண்டினால் ஆப்பை உருவாக்கியவரிடம் கேளுங்கள் என்று அனுப்பிவிடுவார்கள். ஆப்பிளில் 'ரிப்போர்ட் எ ப்ராப்ளம்' என்ற பக்கத்தில் காரணத்தைத் தேர்ந்தெடுத்து விண்ணப்பிக்க வேண்டும். ஆப்பிளில் ட்ரயலை நிறுத்துவதாக இருந்தால் அது முடிவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னாலேயே நிறுத்திவிட வேண்டும், கடைசி நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் பணம் போய்விடும்.

இந்தத் தடத்தில் போன பணத்துக்கு நேராக வங்கியில் சார்ஜ்பேக் (வங்கி மூலமாகப் பணத்தைத் திரும்ப இழுக்கும் முறை) போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உங்கள் மெயில், படங்கள், வாங்கிய மற்ற ஆப்கள் எல்லாம் அதே கணக்கில் இருக்கின்றன. பணத் தகராறு வந்தால் அந்தக் கணக்கில் வாங்கும் வசதியே முடங்கும் ஆபத்து உண்டு. முதலில் ஸ்டோரில் கேளுங்கள், அங்கே இரண்டு முறை மறுத்தால் மட்டும் அடுத்ததை யோசிக்கலாம்.

ஃபோன் பேலன்ஸிலேயே காலர் ட்யூன், ஜோசியம், கேம் என்று தினமும் ஐந்து பத்து ரூபாய் கரைகிறது என்றால் அது மொபைல் நிறுவனத்தின் வழியாகப் போகும் சேவை. அதை நிறுத்த 155223 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. கிராமத்தில் இருக்கும் பெற்றோரின் ப்ரீபெய்ட் எண்ணை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கிரெடிட் கார்டும் சார்ஜ்பேக்கும்

வெளிநாட்டு இணையதளங்களின் ட்ரயல்தான் இதில் மிகவும் மோசம். என்னுடன் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கு நடந்தது இது. வேலைக்கு விண்ணப்பிக்க அவசரமாக ஒரு பிடிஎஃப் கோப்பைத் திருத்த வேண்டியிருந்தது. ஒரு தளத்தில் எல்லாத் திருத்தத்தையும் செய்து முடித்த பிறகு, பதிவிறக்க 2 டாலர் கேட்டது. கட்டினார். கோப்பு கிடைத்தது, வேலையும் கிடைத்தது. அடுத்தடுத்து மூன்று மாதம் கார்டில் ஏறக்குறைய 30 டாலர் வீதம் போயிருக்கிறது, அதோடு வெளிநாட்டுப் பணமாற்றக் கட்டணமும் அதன்மேல் ஜிஎஸ்டியும். சம்பளம் வந்ததும் மொத்தமாக பில் கட்டிவிடும் பழக்கம், ஸ்டேட்மென்டை வரிவரியாகப் பார்க்கவில்லை. நம்மில் பாதிப் பேர் அப்படித்தான்.

உள்நாட்டில் ஓடிபி இல்லாமல் கார்டில் பணம் எடுக்க முடியாது என்று நமக்குப் பழகிவிட்டது. வெளிநாட்டுத் தளம் ஓடிபி கேட்காமலே கார்டில் பணம் எடுத்துவிட முடியும். அதனால் இந்தத் தடத்தில் மேண்டேட் பக்கத்தைப் பார்த்தால் அங்கே எதுவும் இருக்காது. கார்டின் வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கி ஆப்பில் அணைத்து வைப்பதுதான் உடனடியாகச் செய்யக்கூடியது. எந்த நேரமும் அணைக்கவும் போடவும் அந்த வசதியை வங்கிகள் கட்டாயம் தர வேண்டும் என்று 2020-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. கார்டை முடக்கிப் புதிது வாங்குவதும் ஒரு வழி, ஆனால் அதை மட்டும் நம்பக்கூடாது. பழைய கார்டுக்குப் பதிலாகப் புதிய எண்ணை நிறுவனங்களுக்குத் தெரிவிக்கும் ஏற்பாடு விசா, மாஸ்டர்கார்டு போன்ற கார்டு வலையமைப்புகளிலேயே இருக்கிறது, சந்தா புதிய கார்டைத் தேடி வந்துவிடலாம். தளத்திலும் கணக்கை ரத்து செய்து அந்த மெயிலை வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் சார்ஜ்பேக். கார்டு வழங்கிய வங்கி மூலமாக, எதிர்ப்பக்க வங்கியிடமிருந்து பணத்தைத் திரும்ப இழுக்கும் முறை இது. யுபிஐ ஆட்டோபேயைவிடக் கிரெடிட் கார்டில் நம் கை ஓங்கியிருப்பதற்குக் காரணமே இதுதான். விசாவில் பெரும்பாலான டிஸ்ப்யூட்டுகளுக்கு 120 நாள் வரை இடம் உண்டு, உங்கள் வங்கி அதைவிடக் குறைவாகக் கெடு வைத்திருக்கலாம்.

சார்ஜ்பேக்கில் காரணம்தான் எல்லாமே. மோசடி என்று ஒரு வகை, ரத்து செய்த பிறகும் பிடித்த சந்தா என்று ஒரு வகை, விற்றபோது பொய் சொன்னார்கள் என்று ஒரு வகை. என் தோழி முதலில் வங்கியின் ஐவிஆரில் (எண்ணை அழுத்தச் சொல்லும் தானியங்கி ஃபோன் சேவை) 'மோசடி' என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டார். அவ்வளவுதான், கார்டு முடங்கியது, நிறுவனம் அவருடைய மெயில், அவர் கட்டிய 2 டாலர், பதிவிறக்கிய கோப்பு என்று ஆதாரம் அனுப்பியது, வங்கி புகாரை மூடிவிட்டது. இரண்டாவது முறை வங்கிக்கு எழுத்தில் கொடுத்தோம். 2 டாலருக்கு ஒப்புக்கொண்டேன், மாதச் சந்தா என்று கட்டும் திரையில் தெளிவாகச் சொல்லவில்லை, ட்ரயல் முடியும் முன் நினைவூட்டவில்லை என்று எழுதினோம்.

அந்தக் கடைசி வரிக்குப் பலம் இருக்கிறது. ட்ரயல் கொடுத்துச் சந்தா விற்கும் வணிகர்களுக்கென்று விசா 2020 ஏப்ரலில் தனி விதிகளைக் கொண்டுவந்தது. சேரும்போதே விதிமுறைகளை மெயிலிலோ மெசேஜிலோ அனுப்ப வேண்டும். ட்ரயல் முடிந்து பணம் பிடிப்பதற்குக் குறைந்தது 7 நாள் முன்னால், ரத்து செய்யும் இணைப்போடு நினைவூட்ட வேண்டும். முதல் பிடித்தத்தில் அது ட்ரயலுக்குப் பின் வருவது என்று ஸ்டேட்மென்டில் தெரிய வேண்டும். மாஸ்டர்கார்டிலும் இதே போக்கில் விதிகள் உண்டு. வங்கி ஊழியருக்கு இவை தெரிந்திருக்கும் என்று எண்ணிச் சும்மா இருக்காதீர்கள், நீங்களே எழுதுங்கள். தோழிக்கு மூன்றில் இரண்டு மாதப் பணம் திரும்பியது. முதல் மாதம் கெடு தாண்டிவிட்டது.

டெபிட் கார்டிலும் சார்ஜ்பேக் உண்டு, ஆனால் அங்கே முடிவு வரும்வரை வெளியே இருப்பது உங்கள் சொந்தப் பணம். கிரெடிட் கார்டில் பில்லில் அந்தத் தொகை மட்டும் தகராறில் இருக்கிறது என்று நிற்கும். ட்ரயல் எடுத்தே ஆக வேண்டும் என்றால் கிரெடிட் கார்டில் எடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

1915-க்கு ஒரு அழைப்பு

அப்பாவின் விஷயத்துக்கு வருகிறேன். நிறுவனத்திடமிருந்து 'எங்கள் கொள்கைப்படி சந்தாத் தொகை திரும்பாது' என்று இயந்திரப் பதில் வந்தது. திங்கட்கிழமை காலை 1915-க்கு அடித்தேன். தேசிய நுகர்வோர் உதவி எண் அது. தமிழில் பேசலாம். அப்பாவையே பேச வைத்தேன், ஸ்பீக்கரில் போட்டு நான் பக்கத்தில் இருந்தேன். எதிர்முனையில் இருந்தவர் தேதி, தொகை, நிறுவனத்தின் பெயர், என்ன பதில் வந்தது என்று வரிசையாகக் கேட்டுப் பதிந்துகொண்டு புகார் எண் கொடுத்தார். 12 நிமிடம் ஆனது. மெயிலையும் ஸ்கிரீன்ஷாட்டுகளையும் இணையதளத்தில் ஏற்றினேன். ஒன்பதாம் நாள் நிறுவனத்திலிருந்தே அப்பாவுக்கு ஃபோன் வந்தது, 'சிறப்பு அனுமதியாக' 699 ரூபாயைத் திருப்புகிறோம் என்றார்கள். அதிலிருந்து நான்காவது நாள் கணக்கில் வந்துவிட்டது.

எல்லாருக்கும் இப்படி முடியும் என்று சொல்ல மாட்டேன். 1915-க்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் இல்லை. புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்கும், வழக்குக்கு முந்திய சமரச முயற்சி அது. இந்தியாவில் அலுவலகம் வைத்து, பெயரைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய நிறுவனங்கள் இறங்கி வருகின்றன. எங்கோ ஒரு தீவில் பதிவு செய்த பிடிஎஃப் தளம் இதற்கெல்லாம் பதிலே சொல்லாது, அங்கே சார்ஜ்பேக்தான். ஆனால் யுபிஐ ஆட்டோபேயில் போன சின்னத் தொகைக்கு, செலவில்லாமல், வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வழிகளில் இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. ஃபோனில் பேசத் தயங்குபவர்கள் 8800001915 என்ற எண்ணில் வாட்ஸ்அப்பிலும் புகார் கொடுக்கலாம்.

ஆணையமும் ஒம்புட்ஸ்மேனும்

அண்ணிக்கு நடந்தது சின்னத் தொகை இல்லை. பையனுக்கு ஆன்லைன் கணக்குப் பாடம், 'இலவச டெமோ வகுப்பு' என்று ஆரம்பித்தது. விற்பனையாளர் வீட்டுக்கே வந்து, 15 நாள் பிடிக்கவில்லை என்றால் முழுப் பணமும் திரும்பும் என்றார். ஆதார், பான், ஓடிபி எல்லாம் 'பதிவுக்கு' என்று வாங்கிக்கொண்டு போனார். பத்தாம் நாள் வேண்டாம் என்று சொன்னபோது ஃபோனை எடுக்கவில்லை. அடுத்த மாதம் ₹3,200 தவணை பிடித்தது. அண்ணி கையெழுத்துப் போட்டது சந்தாவுக்கு இல்லை, ஒரு நிதி நிறுவனத்தின் கடனுக்கு.

இங்கே ரத்து செய்வதிலேயே கவனம் வேண்டும். கடன் தவணையை வெறுமனே நிறுத்தினால் அபராதம் வரும், சிபில் மதிப்பெண் விழும். எதிரி இரண்டு பேர்: விற்ற நிறுவனம் ஒன்று, கடன் கொடுத்த நிறுவனம் ஒன்று. கடன் கொடுத்தவர் ரிசர்வ் வங்கியின் கண்காணிப்பில் இருப்பவர் என்பதால் அவர்மேல் ஒம்புட்ஸ்மேனிடம், அதாவது வங்கி, நிதி நிறுவனங்கள் மேலான புகாரைக் கேட்கும் ரிசர்வ் வங்கி அதிகாரியிடம், போகலாம். டிஜிட்டல் கடனில் குறிப்பிட்ட நாளுக்குள் அபராதமில்லாமல் வெளியேறும் உரிமை தர வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. ஒம்புட்ஸ்மேனிடம் போக, முதலில் அந்த நிதி நிறுவனத்திடமோ வங்கியிடமோ எழுத்தில் புகார் கொடுத்திருக்க வேண்டும். 30 நாள் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால், ரிசர்வ் வங்கியின் சிஎம்எஸ் என்ற புகார்த் தளத்தில் கட்டணமில்லாமல் பதியலாம். 14448 என்ற எண்ணில் வழி கேட்கலாம். பாடம் விற்ற நிறுவனத்தை ஒம்புட்ஸ்மேன் ஒன்றும் செய்ய முடியாது, ஆப் நிறுவனங்களையும்தான். அப்பா மாதிரி வழக்கில் அங்கே போய் 30 நாள் காத்திருப்பது வீண்.

விற்ற நிறுவனத்துக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நிறுவனம் பெங்களூரிலோ குருகிராமிலோ இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் ஊரின் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம் என்பது 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தந்த பெரிய வசதி. கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். 2 வருடம் வரை காலம் இருக்கிறது. பணத்தோடு மன உளைச்சலுக்கும் செலவுக்கும் சேர்த்துக் கேட்கலாம். ஆனால் தேதிகள் தள்ளிப் போகும், அதற்குப் பொறுமை வேண்டும். ₹699-க்கு நான் இந்தப் படியேற மாட்டேன். அண்ணிக்கு மொத்தம் ₹38,000, அங்கே தயங்கவே இல்லை. நோட்டீஸ் போன மூன்றாவது வாரத்தில் விற்ற நிறுவனமே கடனை முடித்துவைக்க முன்வந்தது. கடன் முடிந்ததற்கான கடிதத்தைக் கையில் வாங்கிய பிறகுதான் வழக்கைத் திரும்பப் பெற அண்ணி சம்மதித்தார்.

ஒரு வழி தோற்றால் அடுத்தது என்று வரிசையாகப் போக வேண்டிய அவசியமில்லை. நிறுவனத்துக்கு மெயில் அனுப்பிய அன்றே 1915-லும் பதியலாம், கார்டு என்றால் வங்கியின் டிஸ்ப்யூட் படிவத்தையும் வாங்கி வைத்துக்கொள்ளலாம். ஏனென்றால் கெடுகள் எல்லாம் பணம் போன நாளிலிருந்து ஒன்றாக ஓடுகின்றன. ஆணையத்துக்கு 2 வருடம் இருக்கிறது, சார்ஜ்பேக்குக்கு 120 நாளோ அதற்கும் குறைவோ, உண்மையிலேயே நீங்கள் அனுமதிக்காத பணம் என்றால் வங்கியில் சொல்ல 3 வேலை நாள், ப்ளே ஸ்டோரில் 48 மணி நேரம். எஸ்எம்எஸ்ஸைப் பார்த்ததும் முதலில் பணம் போன தடத்தைக் கண்டுபிடியுங்கள், அது ப்ளே ஸ்டோர் என்றால் இந்தக் கட்டுரையைப் பிறகு படித்துக்கொள்ளலாம், இப்போதே ரீஃபண்ட் கேட்டுவிடுங்கள்.